வாட்ச் கிரவுன் (நேரம் திருத்துகிற திருகு) மரை பிடிக்கவில்லை, கண்ணாடிக்குள் ஆவி. என்ன செய்யலாம்?

குடந்தைக்காரன்:
மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கல்யாணத்துக்குப் போட்ட சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச். ஏழு வருஷம் ஆகிறது. திருகி மூடுகிற கிரவுன் இரண்டு மாதமாக மரை பிடிக்காமல் சும்மாவே சுற்றியது. அமுக்கினால் உள்ளே நின்றது, சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆடிப்பெருக்கன்று பகவத் படித்துறையில் அதோடு முங்கினேன். வாட்ச் முதுகில் தண்ணீர் தாங்கும் அளவு 100 மீட்டர் என்று போட்டிருக்கிறதே என்ற தைரியம். கரையில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்த மனைவி மணி கேட்டாள். பார்த்தால் தேதிக் கட்டத்தை மறைத்துக்கொண்டு ஆவி.

அம்மா சொன்னபடி இரண்டு நாள் அரிசி டின்னில் புதைத்து வைத்தேன். மறைந்தது. ஆனால் வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் நுழைந்தால் திரும்ப வருகிறது. சென்னை சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் 46,000 என்கிறார்கள். இங்கே கடைக்காரர் பசை வைத்து ஒட்டிவிடலாம், 300 போதும் என்கிறார்.

மாயவரத்தான்:
ஒட்டவே ஒட்டாதீர்கள். அப்புறம் நேரம் திருத்த முடியாது, பசை ஸ்டெம் (கிரவுனிலிருந்து மெஷினுக்குப் போகிற கம்பி) வழியாக உள்ளே இறங்கினால் மெஷினும் போச்சு. அந்த 100 மீட்டர் கிரவுன் இறுக மூடியிருந்தால்தான். மூடிய கேஸுக்குள் (வாட்சின் வெளிக்கூடு) இருக்கிற ஈரத்தை அரிசியால் இழுக்க முடியாது. இன்றைக்கே அதே கடைக்காரரிடம் முதுகு மூடியை மட்டும் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள். துரு சென்னை பஸ்ஸுக்காகக் காத்திருக்காது.

தஞ்சை வடக்கு வீதி:
அப்பா முப்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். மரை இரண்டு இடத்தில் இருக்கும்: கிரவுனுக்குள் ஒன்று, கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற குழாயில் ஒன்று. லென்ஸில் பார்த்தால் எது தேய்ந்தது என்று தெரியும். இரண்டையும் ரப்பர் வாஷரையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், பழைய பாகங்களையும் கேளுங்கள். இனிமேல் மூடும்போது முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். ‘டக்’கென்று இறங்கும். அப்புறம் அமுக்கி வலப்பக்கம் திருகுங்கள். எடுத்த எடுப்பில் அழுத்தித் திருகினால் மரை குறுக்கே ஏறிவிடும்.

வெத்தலைக்கொடி:
மரை கழண்டது வாட்சுக்கா, அதோடு ஆற்றில் இறங்கியவருக்கா?

குடந்தைக்காரன்:
இரண்டுக்கும்தான்! சாயங்காலம் திறந்து பார்த்தோம். ஸ்டெம்மில் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி துரு, மற்றபடி மெஷின் பளபளவென்று இருக்கிறது. தேய்ந்தது குழாயின் மரை. உலர்த்தி மூடியாகிவிட்டது, திங்கட்கிழமை சென்னை. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.