சட்டமறுப்பா, படையல் மறுப்பா? உரோமப் பேரரசும் ஆதிக் கிறித்தவரும் குறித்த ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

உரோம அதிகாரிகளின் முன்னால் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த ஆதிக் கிறித்தவர்களின் செயலைக் குறிக்க இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: சட்டமறுப்பு, பேரரசர் வழிபாட்டு மறுப்பு, வணங்காப் பணிவு. மூன்றிலும் உழைப்பு தெரிகிறது. ஆயினும் மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. இச்சொல் அகராதியில் ஏறிவிட்டால் வரலாற்றுப் பாடத்தில் மாணவர்கள் அதன் வழியாகவே அக்காலத்தைப் பார்ப்பார்கள் என்பதால், காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டமறுப்பு. இச்சொல்லைக் கேட்டதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது 1930. அது அரசின் வரியையும் சட்டத்தையும் வெளிப்படையாக மீறி, அவ்வரசின் ஆளும் உரிமையையே கேள்விக்கு உட்படுத்திய இயக்கம். ஆதிக் கிறித்தவர்கள் செய்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமிலிருந்து பேரரசருக்கு முறையீடு எழுதிய கிறித்தவ அறிஞர் ஜஸ்டின், வரி செலுத்துவதில் தம்மவர்கள் எல்லோரையும் முந்திக்கொள்வதாகவும், கடவுளை மட்டுமே தொழுவதாகவும், மற்ற எல்லாவற்றிலும் பேரரசருக்கு மகிழ்ந்து பணி செய்வதாகவும் கூறுகிறார். இன்றைய துருக்கியில் இருந்த உரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, 112ஆம் ஆண்டையொட்டிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. சங்கங்கள் கூடுவதைத் தடைசெய்து அவர் ஆணை பிறப்பித்ததும், கிறித்தவர்கள் தாங்கள் ஒன்றுகூடி உண்ணும் வழக்கத்தைக் கைவிட்டுவிட்டதாக விசாரணையில் தெரியவந்தது என்கிறார். அரசாணைக்குப் பணிந்து தம் பொது உணவையே நிறுத்திக்கொண்டவர்களுக்குச் சட்டமறுப்பாளர் என்ற பட்டம் பொருந்தாது.

பேரரசர் வழிபாட்டு மறுப்பு என்பதில் உண்மை பாதிதான் உள்ளது. பிளினி தம் முன் நிறுத்தப்பட்டவர்களைச் சோதித்தபோது, தெய்வங்களின் சிலைகளோடு பேரரசரின் உருவத்தையும் கொண்டுவரச் செய்து, அதன்முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைக்கச் சொன்னார்; கிறிஸ்துவைப் பழிக்கவும் சொன்னார். ஆனால் 249ஆம் ஆண்டின் இறுதியையொட்டிப் பேரரசர் டெசியஸ் பிறப்பித்த ஆணை, பேரரசின் குடிகள் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்பதாகும். அந்த ஆணையின்படி வழங்கப்பட்ட சான்றுகள் எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாக நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று அலெக்சாந்தர் தீவு என்னும் ஊரைச் சேர்ந்த அவுரேலியுஸ் தியோகேனஸ் என்பவருடையது. வயது 72, வலப்புருவத்தில் தழும்பு என்று அடையாளம் குறித்து, தாம் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்போதும் ஆணைப்படி அதிகாரிகளின் கண்முன்னே பலியிட்டு, மது வார்த்து, படைத்ததை உண்டதாகவும் சொல்லி, அதற்குச் சான்றொப்பம் வேண்டுகிறார். அதில் பேரரசரைத் தொழுததாக ஒரு சொல்லும் இல்லை. எனவே மறுக்கப்பட்டதைப் பேரரசர் வழிபாடு என்று மட்டும் சுருக்கினால், கிறித்தவர்களைப் பெருந்தொகையாகத் தாக்கிய முதற்பெரும் ஆணையே நம் சொல்லுக்கு வெளியே நின்றுவிடும்.

வணங்காப் பணிவு கேட்க அழகாக இருக்கிறது. அதைப் பரிந்துரைத்த அம்மையாரின் விளக்கமும் என்னைத் தொட்டது. இருந்தாலும் தமிழ்க் காதில் ‘வணங்கா’ என்றதும் வணங்காமுடி வந்து நிற்கிறது. செருக்கின் சாயல் ஏறிவிடுகிறது. அதைவிடப் பெரிய இடர், அது செயலை விட்டு மனநிலைக்குப் பெயர் வைப்பது. அம்மனநிலை ஒன்றாக இருக்கவில்லை. ‘உண்டாயிருக்கிற அதிகாரங்கள் தேவனாலே நியமிக்கப்பட்டிருக்கிறது’ என்று பவுல் உரோமருக்கு எழுதினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள், விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதியவர் அதே பேரரசைக் கடலிலிருந்து எழும் மிருகமாகவும், ஏழு மலைகளின்மேல் அமர்ந்த பாபிலோனாகவும் கண்டார். 197ஆம் ஆண்டையொட்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் எழுதிய கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் முற்றிலும் வேறு நிலையில் நிற்கிறார்: பேரரசருக்கு நீண்ட ஆயுளும், வீரம் மிக்க படைகளும், உண்மையுள்ள ஆட்சிமன்றமும் வேண்டித் தாங்கள் செபிப்பதாகவும், உலக முடிவின் கொடுமைகளை உரோமின் நிலைபேறே தள்ளிவைக்கிறது என்பதால் அது நீடிக்க வேண்டுவதாகவும் சொல்கிறார். உரோமின் வீழ்ச்சிக்காகக் காத்திருந்தவரும் அதன் நீடிப்புக்காக மன்றாடியவரும் படையல் மேடையின் முன் செய்திருக்கக்கூடியது ஒன்றே. ஆகவே கலைச்சொல் அந்தச் செயலுக்குப் பெயராக இருக்கட்டும். உள்ளத்தைப் பற்றிய விளக்கத்தைக் கட்டுரையாளர்களுக்கு விட்டுவிடலாம்.

இதைத் தமிழில் எழுதும்போது ஏற்படும் தனி இடர் ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் மொழியில் இறை என்பது கடவுள், அரசன், வரி என்னும் மூன்றையும் குறிக்கும். கோயில் என்பது அரண்மனைக்கும் பெயர். ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப்படும்’ என்பது குறள். வழிபாடு என்ற சொல்லே பழைய வழக்கில் கீழ்ப்படிந்து ஒழுகுவதையும் குறித்தது. 180ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று கார்த்தேஜில் ஆளுநர் சட்டுர்னினுஸ் முன் நிறுத்தப்பட்ட சில்லியம் ஊர்க் கிறித்தவர்கள், நம் சொற்கள் சேர்த்துக் கட்டியிருக்கும் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். அவர்களுள் தொனாத்தா என்ற பெண், இராயனுக்கு (பேரரசருக்கு) இராயன் என்ற அளவில் கனம், அச்சமோ கடவுளுக்கே என்று விடை சொன்னாள். ஸ்பெராத்துஸ் என்பவர் இவ்வுலகப் பேரரசைத் தாம் ஏற்கவில்லை என்றார். அதே மூச்சில், எதை வாங்கினாலும் அதற்குரிய வரியைச் செலுத்துவதாகவும் சொன்னார். வரியும் கனமும் ஒரு பக்கம், படையலும் தொழுகையும் மறுபக்கம். இந்தக் கோடு நம் சொல்லில் அழியக் கூடாது.

ஆகவே ‘படையல் மறுப்பு’ என்பதை முன்வைக்கிறேன். பலிமறுப்பு என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் பலி என்றால் இன்றைய வாசகருக்கு ஆடும் கோழியும் வெட்டுவதே தோன்றும். சிட்டிகைச் சாம்பிராணியும் ஒரு துளி மதுவும் அதில் அடங்கா. படையலில் அவையும் அடங்கும், இறைச்சியும் அடங்கும், படைத்ததைப் பின்னர் உண்பதும் அடங்கும். தமிழ் விவிலியமும் ‘விக்கிரகங்களுக்குப் படைத்தவை’ என்றே சொல்கிறது. இதே வழியில், தியோகேனஸ் பெற்ற தாளைப் படையல் சான்று என்று அழைக்கலாம். படைக்காமலே கையூட்டாலும் செல்வாக்காலும் அத்தாளைப் பெற்ற கிறித்தவர்களும் இருந்தார்கள். அவர்களை மீண்டும் சபையில் சேர்ப்பது பற்றிக் கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் பெரும் வழக்காட வேண்டியிருந்தது. அவர்களுக்குச் ‘சான்று பெற்றோர்’ என்ற எளிய பெயரே போதும்.

நண்பர் ஒருவர் பொலிகார்ப்பைப் பற்றிக் கேட்டிருந்தார். சிமிர்னா ஆயரான அவரிடம் ஆளுநர் கேட்டது, இராயனின் நற்பேற்றின்மேல் ஆணையிட, அதாவது சத்தியம் செய்யச் சொல்லித்தான். அது படையல் அன்று. அதற்குத் தனிச்சொல் தேவை. ஆணைமறுப்பு என்றால் அரசாணையை மறுத்ததாகப் பொருள் திரும்பிவிடும். எனவே, சத்தியத்தைக் குறிக்கும் சூள் என்ற பழஞ்சொல்லைக் கொண்டு ‘சூள்மறுப்பு’ என வைக்கலாம்.

இரண்டு எல்லைகளையும் பதிவில் குறிப்பிட வேண்டுகிறேன். 311இல் பேரரசர் கலேரியஸ் தம் ஆணையால் துன்புறுத்தலை நிறுத்தி, தமக்காகவும் அரசுக்காகவும் கிறித்தவர்கள் தங்கள் கடவுளிடமே வேண்டிக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிந்தைய கிறித்தவப் பேரரசர்களோடு ஆயர்கள் மோதியதற்கு இச்சொல்லை நீட்டக் கூடாது. அடுத்தது, 295இல் தெவெஸ்தே நகரில் படையில் சேர மறுத்து உயிர்நீத்த மாக்சிமிலியான் போன்றோரைப் பற்றியது. அவர்கள் செய்ததைப் படைமறுப்பு என்று முந்தைய பட்டியலில் போட்டிருக்கிறோம். படையல் மறுப்போடு அது எளிதில் குழம்பும். அதைப் ‘படைப்பணி மறுப்பு’ என மாற்றி, அடுத்த பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்குமாறு தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்