எஸ்கியூஎல் சர்வர்ல ஷிஃப்ட் நேரத்தை பாயின்ட்டோட எடுக்கறது எப்படி?

கேள்வி: பெங்களூர் பீன்யா பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரிக்கு எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல இருந்து அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட் பண்றேன். இன்_டைம், அவுட்_டைம் ரெண்டுமே நேரத்தை மட்டும் வைக்கற டைம் டைப் காலம் (column)தான், தேதி தனி காலம்ல இருக்கு. ரெண்டு நேரத்துக்கு நடுவுல வித்தியாசம் எடுக்கற டேட்டிஃப் (DATEDIFF) ஃபங்ஷன்ல ஹவர்னு குடுத்தா 9:50க்கு வந்து 18:10க்கு போனவருக்கு 9 மணின்னு காட்டுது, 9:05க்கு வந்து 17:55 வரைக்கும் இருந்தவருக்கு வெறும் 8. கூட நேரம் நின்னவருக்கு ஓவர்டைம் கம்மியா வருது, சூப்பர்வைசர் என்னைய பிடிச்சு உலுக்கறாரு. முதல் ஆளோட 8 மணி 20 நிமிஷம் 8.33 மாதிரி வரணும், யாராச்சும் சொல்லுங்க ப்ரோ.

பதில் 1: நிமிஷத்துல எடுத்து 60ஆல வகுத்துடுங்க, முடிஞ்சது.

கேள்வி கேட்டவர்: பண்ணேன் ப்ரோ, 8.33 வர வேண்டிய இடத்துல 8னு மொட்டையா வருது.

பதில் 2: இன்டீஜரை (முழு எண்ணை) இன்டீஜரால வகுத்தா எஸ்கியூஎல் சர்வர் பாயின்ட்டுக்கு அப்புறம் இருக்கறதை வெட்டிடும், அதனால 60.0னு போடணும். மைஎஸ்கியூஎல்னு இன்னொரு டேட்டாபேஸ்ல இந்த தொல்லை இல்ல, அங்க சும்மா வகுத்தாலே தசமம் வந்துடும். உங்க முதல் பிரச்சனைக்கு காரணம் வேற, டேட்டிஃப் கழிஞ்ச நேரத்தை அளக்காது, நடுவுல எத்தனை தடவை மணி மாறுச்சுன்னு மட்டும் எண்ணும், 9:59ல இருந்து 10:01க்கே 1னு சொல்லும். நிமிஷத்துக்கும் அதே குணம்தான், அதனால செகண்டுக்கே போயிடுங்க:

டேட்டிஃப்(செகண்ட், இன்_டைம், அவுட்_டைம்) / 3600.0

கேள்வி கேட்டவர்: சூப்பர் ப்ரோ, 8.33 வந்துடுச்சு! ஆனா நைட் ஷிஃப்ட் ஆளுங்களுக்கு, ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும், மைனஸ் 16னு வருதே?

பதில் 2: அந்த டைம் காலம்ல தேதி இல்லல்ல, ரெண்டும் ஒரே நாள்னு நினைச்சுக்குது. அவுட் டைம் இன் டைமை விட சின்னதா இருந்தா மட்டும் செகண்டோட 86400 (ஒரு நாளோட மொத்த செகண்ட்) கூட்டுங்க, 'இப்படி இருந்தா இதைப் பண்ணு'ன்னு சொல்ற கேஸ் வென் (CASE WHEN) போதும், 28800 வரும், அதாவது 8 மணி. முடிஞ்சா பன்ச்சை (வந்த, போன பதிவை) தேதியும் நேரமும் சேர்ந்து இருக்கற டேட்டைம்2 டைப்ல வைக்கச் சொல்லுங்க, டபுள் ஷிஃப்ட்டுன்னு ஒருத்தர் 24 மணி நேரத்தைத் தாண்டிட்டா இந்த கேஸ் கைய விரிச்சிடும்.

பதில் 3: இன்னொண்ணு, தினமும் ரவுண்ட் பண்ணி கூட்டாதீங்க. தினம் 8 மணி 20 நிமிஷம்னா 26 நாளைக்கு 216.67 வரணும், 8.33ஆ கூட்டினா 216.58தான், அஞ்சு நிமிஷ கூலி காணாம போகும். செகண்டை எல்லாம் சம் போட்டு கடைசில ஒரே தடவை வகுங்க. பேஸ்லிப்ல 8.33னு போட்டா 8 மணி 33 நிமிஷம்னு சண்டைக்கு வருவாங்க, அங்க மணி நிமிஷமாவே காட்டிடுங்க.