பெரிய ட்ரெய்லரோடு குறுகலான இடத்தில்: ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோடையில் குடும்பத்தோடு கேம்பிங் போக, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடு மாதிரியான ட்ரெய்லர் வாடகைக்கு எடுக்கலாமா, பயமாக இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கலாம். கார் ஓட்டும் சாதாரண ஜி லைசென்ஸிலேயே 4,600 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம், தனிப் பரீட்சை கிடையாது. சிக்கலே அதுதான். நெடுஞ்சாலையில் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறோம். வாழ்க்கையில் முதல் ரிவர்ஸை கேம்ப்சைட் வாசலில், பின்னால் வண்டிகள் காத்திருக்க, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்க்க எடுக்கிறோம். கை நடுங்காமல் என்ன செய்யும்?

அதனால் இடத்தைப் பதிவு செய்யும்போதே யோசியுங்கள். மாகாணப் பூங்காக்களான ஒன்டாரியோ பார்க்ஸில் 5 மாதம் முன்பே பதிவு செய்யலாம். 'புல்-த்ரூ' சைட் (தங்கும் இடம்) கிடைத்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடலாம், ரிவர்ஸே வேண்டாம். அது கிடைக்காவிட்டால், போகும் திசைக்கு இடப்பக்கம் இருக்கும் சைட்டாகப் பாருங்கள். இங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால், அந்தப் பக்கம் பின்வாங்கினால் ட்ரெய்லரின் பின்மூலை ஜன்னல் வழியாகவே தெரியும். வலப்பக்கம் என்றால் கண்ணாடியை மட்டும்தான் நம்ப வேண்டும். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்.

ரிவர்ஸுக்கு ஒரு எளிய வழி: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை இடப்பக்கம் போனால் ட்ரெய்லரின் பின்பக்கமும் இடப்பக்கம் போகும். கொஞ்சமாகத் திருப்புங்கள், அது திரும்பும் வரை பொறுங்கள். நீளமான ட்ரெய்லர் தாமதமாகத்தான் அசையும். பொறுமையில்லாமல் இன்னும் திருப்பினால் மடங்கி, அதன் மூலை இழுக்கும் வண்டியில் இடிக்கும். கோணம் பிடிக்கவில்லையா? முன்னால் போங்கள். முன்னால் இழுத்தால் தானாக நேராகிவிடும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். ஞாயிறு காலையில் ஏதாவது காலியான பார்க்கிங் லாட்டில், அனுமதி கேட்டுக்கொண்டு, இதைப் பழகிவிட்டுக் கிளம்பினால் பாதி பயம் போய்விடும்.

பின்னால் நின்று வழி சொல்பவர் ஒருவராக இருக்கட்டும். மாமா, சித்தப்பா, பக்கத்து சைட்காரர் என்று நாலு பேரும் கை காட்டினால் யாரைப் பார்ப்பது? 'இந்தப் பக்கம், அந்தப் பக்கம்' என்று கத்துவதை விட 'டிரைவர் சைடு, பாசஞ்சர் சைடு' என்று பேசிவையுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டால் குரலை உயர்த்த வேண்டியதில்லை. பாதிக் கணவன் மனைவி சண்டை அங்கேயே தீரும். வழி சொல்பவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். மேலே மரக்கிளையையும் பாருங்கள், ஏசி பெட்டி கூரையில்தான் இருக்கிறது. காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். அவர்களும் ஒருநாள் இதே இடத்தில் திணறியவர்கள்தான்.

பெட்ரோல் பங்கில் வேறு ஆபத்து. ட்ரெய்லர் எப்போதும் வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பம்பை விட்டுக் கிளம்பும்போது, ட்ரெய்லரின் சக்கரங்கள் தூணைத் தாண்டும் வரை நேராகப் போய், பிறகுதான் திருப்ப வேண்டும். அதே நேரம், சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதி எதிர்ப்பக்கம் வீசும், அந்தப் பக்கக் கண்ணாடியையும் பாருங்கள். வெளியேற நேர்வழி இல்லாத பங்குக்குள் நுழையவே வேண்டாம். 401 நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வழியோர ஆன்ரூட் ஓய்விடங்கள் வசதி. பெரிய வண்டிகளுக்குத் தனி நிறுத்தம் உண்டு. காபிக்காக டிரைவ்-த்ரூ பக்கம் திரும்பாதீர்கள். தூரத்தில் நிறுத்தி நடந்தே போய் வாங்குங்கள்.

ட்ரெய்லர் உயரத்தை அடியில் சொல்வார்கள், இங்கே பாலத்துப் பலகைகள் மீட்டரில் இருக்கும். 11 அடி என்றால் சுமார் 3.35 மீட்டர். மீட்டர் கணக்கை எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். சாதாரண ஜிபிஎஸ் உங்கள் உயரத்தைப் பார்த்து வழி சொல்லாது. தவறிப்போய் முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டால், அபாய விளக்கைப் போட்டு நிறுத்தி, ஒருவரைப் பின்னால் அனுப்பி வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் மெதுவாகப் பின்வாங்கலாம். வண்டி நகரும்போது பிள்ளைகள் ட்ரெய்லருக்குள் உட்காரக் கூடாது. ஒன்டாரியோவில் அது சட்டவிரோதம்.

இடத்தில் நிறுத்தியதும் ஹிட்ச்சை (வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கொக்கியை) கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை.