நித்திரையால் எழும்பாத கமரா, ஆருக்கும் விளங்குமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வெங்காயத் தோட்டத்தைப் பார்க்க, சோலாரில் ஓடும் கமரா ஒன்று செய்கிறேன். ஏஆர்எம் சிப் உள்ள சின்னக் கணினிப் போர்ட், படம் பிடிக்கும் ஐஎம்எக்ஸ்219 சென்சர், லினக்ஸ்.

முதல் படம் வடிவாய் வருகிறது. கமராவை நிறுத்திக் கொஞ்சம் பொறுத்துத் திரும்பத் தொடங்கினால் டிமெசேஜில் (லினக்ஸ் கேர்னலின் பதிவு) ஐ2சி பிழைதான், அதாவது போர்டும் சென்சரும் பேசிக்கொள்ளும் வழியில் பிழை. பாவிக்காத கருவியை நித்திரையாக்கும் ரன்டைம் பவர் மனேஜ்மென்ட் சென்சரின் மின்சாரத்தை நிறுத்துகிறது, திரும்பக் கொடுத்தால் அது எழும்பவில்லை. சிஸ்எஃப்எஸ்ஸில் (கேர்னல் அமைப்புகளை மாற்றும் கோப்புகள்) பவர் கண்ட்ரோலை 'ஆன்' ஆக்கினால் சரி, ஆனால் பற்றரி வீணாய்க் குறைகிறது. பிறகு சோலார் எதற்கு?

ரிப்பன் வயர் மாற்றியாயிற்று, அதைச் சொல்லாதீர்கள்! சென்சரை இயக்கும் மென்பொருளான டிரைவர், சென்சரின் ரீசெட் காலை (பின்) விடுவித்த பிறகு 6 மில்லி செக்கன் மட்டில்தான் பொறுக்கிறது. என் போர்டில் மின்சாரம் நிலைக்க அது காணாது போல. டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும் கோப்பு) சென்சருக்கு மின்சாரம் கொடுக்கும் ரெகுலேட்டருக்கு ஸ்டார்ட்அப் டிலே (தொடக்கத் தாமதம்) கூட்டினால் போதுமா, டிரைவரிலேயே கை வைக்க வேண்டுமா?