மே மாதக் கூத்துப் பயிற்சிக்கு மானியமா, ஊர்ப் பணமா? (புனைபெயரில் எழுதுபவர்களின் உரையாடல்)

ஏரிக்கரை

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் மே விடுமுறையில் 30 பிள்ளைகளுக்குப் பத்து நாள் தெருக்கூத்தும் பறையும் சொல்லித்தர ஏற்பாடு நடக்கிறது. கடைசி நாள் ராத்திரி பிள்ளைகள் அரைமணி நேரம் ஆடுவார்கள், பிறகு பெரியவர்களின் கூத்து. கையில் இருக்கும் கணக்கு இது:

கூத்து ஆசிரியர் இருவர், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 1,500 வீதம் 30,000. பறை ஆசிரியர் ஒருவர் 15,000. சாப்பாடு 35 பேருக்குப் பத்து நாள், ஆளுக்கு 80 ரூபாய், 28,000. புதுப் பறை பத்து, 35,000. ஒப்பனை, உடை வாடகை 12,000. மேடை, விளக்கு, ஒலி 25,000. கடைசி ராத்திரி ஆடும் குழு 14 பேருக்கு 21,000. அச்சு, படம் 9,000. ஆக மொத்தம் 1,75,000.

குழு இன்னும் பதிவாகவில்லை. சங்கம் பதிந்து ஒன்றிய பண்பாட்டு அமைச்சகத்தின் கலை நிகழ்ச்சி, தயாரிப்பு மானியத்துக்குப் போகலாம் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஊரிலேயே வசூல் செய்துவிடலாம் என்கிறார்கள் மீதிப் பேர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு

பதிந்துவிடுங்கள், இந்த மாதமே. அந்த மானியத்தில் 5 லட்சம் வரை கிடைக்கும், விதிவிலக்காக 20 லட்சம் வரைகூடப் போகும். ஆனால் பதிவாகி மூன்று ஆண்டாவது ஆன அமைப்புக்குத்தான் தருவார்கள். அந்த மூன்று ஆண்டு பதிவுத் தேதியில் இருந்துதான் ஓட ஆரம்பிக்கும். தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் போதும். சங்க விவரக் குறிப்பு, துணை விதிகள், உறுப்பினர் பட்டியல், அலுவலக முகவரிக்குச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். நோக்கங்கள் என்ற பகுதியில் 'நாட்டுப்புறக் கலை வளர்ச்சி' என்று மொட்டையாக எழுதாதீர்கள். பயிற்சி, நிகழ்ச்சி, ஆவணப்படுத்தல், நன்கொடை பெறுதல் என்று பிரித்து எழுதுங்கள். பின்னால் எந்த மானியம் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

வரப்பு

பேரேடு சொல்வது சட்டப்படி சரி. ஆனால் கேள்வி வருகிற மே மாதத்தைப் பற்றி. இன்று பதிந்தால் மூன்று வருஷம் கழித்துத்தான் வாசல் திறக்கும். அதுவரை இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஏழாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போய்விடும்.

அப்படியே கிடைத்தாலும் பணம் இரண்டு தவணையாக வரும். முதலில் 75 விழுக்காடு, மீதி 25 விழுக்காடு நிகழ்ச்சி முடிந்து கணக்குக் கொடுத்த பிறகு. அந்த மீதிப் பணத்தை யார் கைமாற்றாகத் தருவது? பந்தல்காரர் அமைச்சகத்தின் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். கடைசியில் பாக்கி நிற்பது கலைஞர்களின் கூலிதான். சின்னக் குழுக்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

சங்கம் பதிந்தால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும், நிர்வாகிகள் மாறினால் அதைத் தெரிவிக்கும் படிவம் 7-உம் போக வேண்டும். இரண்டு வருஷம் விட்டுவிட்டு மூன்றாம் வருஷம் மானியத்துக்காக ஓடினால், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மனு எழுதுவதிலேயே அந்த வருஷம் போய்விடும்.

என் யோசனை: இந்த மே மாதம் ஊர்ப் பணம். முதலில் கணக்கைச் சின்னதாக்குங்கள். பத்துப் பறை வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

சலங்கை

கணக்கைச் சின்னதாக்குங்கள் என்றதும் எல்லாரும் கைவைப்பது கலைஞர் கூலியில். அதைத் தொடாதீர்கள். விடிய விடிய ஆடும் 14 பேருக்குத் தலைக்கு 1,500 என்பதே குறைவு. கூத்தை நடத்திச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனும், முகவீணை என்ற ஊதுகருவி வாசிப்பவரும் ஒரே கூலியா என்பதையும் குழுத்தலைவரோடு முன்பே பேசி எழுதி வையுங்கள். மேடைக்கு 25,000, அதில் ஆடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 21,000 என்ற கணக்கை எந்தத் தேர்வுக்குழு பார்த்தாலும் முகம் சுளிக்கும். பார்க்காவிட்டாலும் அது தப்புதான்.

பறை விஷயத்தில் வரப்பு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அரசு மானியத்தில் வாங்கும் நிலைத்த பொருளுக்குத் தனிப் பதிவேடு வேண்டும், அனுமதி இல்லாமல் விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ கூடாது. நிகழ்ச்சி மானியத்தில் 'கருவி கொள்முதல்' என்று எழுதினால் பெரும்பாலும் வெட்டுவார்கள். கருவிக்கு வேறு வழி இருக்கிறது: தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்கத் தலா 10,000 ரூபாய் தருகிறது. அது தனி ஆளுக்கானது, சங்கம் தேவையில்லை. அந்தப் பறை ஆசிரியர் விண்ணப்பிக்கட்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் உறுப்பினரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அதைச் செய்து கொடுப்பது இந்தப் பயிற்சியைவிடப் பெரிய உதவி.

முகவீணை

இடையில் ஒரு யோசனை. ஊர்க் கோயில் விழாக்குழு பழைய பதிவு வைத்திருந்தால் அதன் பேரில் மானியம் கேட்கலாமே? மூன்று ஆண்டுப் பிரச்சினையே இல்லையே?

பேரேடு

முடியாது. மத நிறுவனமாக இயங்கும் அமைப்புக்கு அந்த மானியம் கிடையாது. பள்ளி, கல்லூரிக்கும் கிடையாது. வாசகர் வட்டம், இளைஞர் மன்றம், வேறொரு அறக்கட்டளை என்று ஏதாவது பழைய பதிவோடு இருந்தால் அதன் வழியாகப் போகலாம். அப்போது மூன்று விஷயம் பாருங்கள். அவர்களின் நோக்கங்களில் கலை இருக்க வேண்டும். கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். யார் செலவு செய்வது, யார் ரசீது வைப்பது, அவர்களின் நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு என்பதை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் பணம் அவர்கள் கணக்கில் இருக்கும், கடன் உங்கள் தலையில் இருக்கும்.

இன்னொன்று. தொண்டு அமைப்புகள் பதியும் ஒன்றிய அரசின் தர்பண் தளத்தில் எண் வாங்கி, அரசுப் பணம் வழங்கும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் வங்கிக் கணக்கைச் சேர்க்கும்போது அமைப்பின் பெயர் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பான் அட்டையில் 'குழு' என்பதை ஆங்கிலத்தில் 'இசட்-எச்' போட்டு எழுதியிருப்பார்கள், வங்கியில் 'எல்' போட்டிருப்பார்கள். கண்ணுக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் கணக்குச் சரிபார்ப்பில் நின்றுவிடும். பதிவு செய்யும் நாளிலேயே ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி எல்லா இடத்துக்கும் அதையே கொண்டுபோங்கள்.

வரப்பு

இதைத்தான் சொல்கிறேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாலு அலுவலகம் ஏறும் நேரத்தில் ஊரில் நாற்பது வீடு ஏறலாம். அரிசி, காய்கறி, விறகு வீட்டுக்கு வீடு வாங்கினால் 28,000 சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பள்ளி வளாகத்துக்குத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மேடைக்கு ஊராட்சியின் கலையரங்கம் இருந்தால் அதையே கேளுங்கள்.

தனி ஆளாக விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை 1995 முதல் தனிக் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்கை தருகிறது. தமிழிலேயே எழுதலாம். ஆனால் 'பத்து நாள் பயிற்சி நடத்துகிறோம்' என்று எழுதினால் நிற்காது. இந்தப் பயிற்சியில் என்ன புதுக் கேள்வி கேட்கிறீர்கள் என்று அவர்கள் பார்ப்பார்கள்.

முகவீணை

சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார் என்றால்? எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி?

பேரேடு

எம்.பி. நிதி நிலைத்த சொத்துக்கு மட்டும். மேடை கட்டக் கேட்கலாம், மேடையில் ஆடக் கேட்க முடியாது. எம்.எல்.ஏ. நிதியும் கட்டுமானத்தை நோக்கியதுதான். அந்த மனுவில் நேரம் போக்காதீர்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தில் கவனம். அனுப்புகிறவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் குழு அதை வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு வயதும், மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவு செய்த கணக்கும் வேண்டும். பதிவுள்ள வேறு நிறுவனம் வாங்கி உங்களுக்குக் கொடுப்பதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. எனவே வசூல் நோட்டில் பெயர், முகவரியோடு குடியுரிமைக்கும் ஒரு பத்தி போடுங்கள்.

சலங்கை

யாரும் இன்னும் சொல்லாதது: கடைசி ராத்திரிக்கு அனுமதி. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 'மைக் இல்லாமல் ஆடுவோம்' என்று நினைக்கிறார்கள். அந்த விதி இசைக்கருவியையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மிருதங்கமும் பறையும் அதில் வரும். பண்பாட்டு, சமய விழாவுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். விடிய விடியக் கூத்து என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டுக் காவல் நிலையத்தில் 10 மணி வரை என்று அனுமதி வாங்கினால் இரண்டு தாளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

பிள்ளைகள் ஆட்டத்தை மாலை 6 மணிக்கு வையுங்கள். மே மாதக் கோடை மழை வந்தால் பறைத்தோல் தொய்ந்துவிடும். வைக்கோல் மூட்டிக் காய்ச்ச மேடையை விட்டுத் தள்ளி ஓர் இடமும், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரும் ஒதுக்குங்கள்.

ஏரிக்கரை

நன்றி. மே மாதம் ஊர்ப் பணத்தில், கூலி குறையாமல், பறை வாடகைக்கு. பதிவையும் கூடவே தொடங்குகிறோம். இந்த ஆண்டு ரசீதுகள் பின்னால் உதவும்படி எப்படி வைப்பது?

வரப்பு

பதிவில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. கணக்கு எழுத ஓர் ஆள் கிடைத்த பிறகு பதியுங்கள். ஆள் இல்லாத சங்கம் வெறும் ரப்பர் முத்திரை.

பேரேடு

அந்த ஆளை இந்த மே மாதமே பழக்குங்கள். வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், அடிக்கட்டையோடு. கலைஞர் ஒவ்வொருவருக்கும் தனித் தாள்: பெயர், எந்த நாள், என்ன வேலை, தொகை எண்ணிலும் எழுத்திலும். 5,000-க்கு மேல் போனால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி அதன் குறுக்கே கையெழுத்து. 14 பேர் பணத்தைக் குழுத்தலைவர் ஒருவரே வாங்கி ஒரே கையெழுத்துப் போடும் பழக்கத்தை இப்போதே விடுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள்.

மளிகைக் கடையில் துண்டுச்சீட்டு வாங்காமல் கடைப் பெயர் அச்சிட்ட பில் வாங்குங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே நகல் எடுத்துப் பின்னால் ஒட்டுங்கள். நாளை மானியம் வந்தால், ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள், மானியப் பணத்துக்கு வந்த வட்டியைக்கூடத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டில் தினமும் பெற்றோர் ஒருவரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

சலங்கை

கலைஞரிடம் நீட்டும் அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.