ஃபங்ஷன் பிழை காட்டாமல் ஓடுகிறது, ஆனால் ஒரு ரெக்கார்டுகூட நகலாகவில்லை (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்)

நீலவானம்:
வணக்கம். குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய பில்களை மட்டும் இன்னொரு டேபிளுக்கு நகலெடுக்க ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன்.

கிரியேட் ஃபங்ஷன் நகலெடு(தேதி டேட்) ரிட்டர்ன்ஸ் வாய்ட் லாங்குவேஜ் எஸ்கியூஎல் அஸ் $$
இன்செர்ட் இன்டு பழைய_பில்கள்
செலக்ட் * ஃப்ரம் பில்கள் வேர் தேதி < தேதி;
$$;

செலக்ட் நகலெடு('2023-04-01') என்று ஓட்டினால் எந்தப் பிழையும் இல்லை, ஆனால் பழைய_பில்கள் காலியாகவே இருக்கிறது. அதே இன்செர்ட்டைத் தனியாக எடுத்து, தேதியைக் கையால் எழுதி ஓட்டினால் எல்லாம் வந்துவிடுகிறது. ஆட்டோகமிட் (மாற்றங்கள் தானாகவே சேமிக்கப்படுவது) ஆன்தான். எங்கே பார்ப்பது?

புதுவெள்ளம்:
வேறு ஸ்கீமாவில் (டேபிள்களை வைக்கும் தனிப் பிரிவு) அதே பெயரில் காலி டேபிள் ஏதும் இருக்கிறதா? எந்த ஸ்கீமாவில் முதலில் தேடும் என்று சொல்லும் சர்ச்_பாத்தைப் பாருங்கள்.

நீலவானம்:
பார்த்தேன். பப்ளிக் ஸ்கீமாவில் மட்டும்தான் இருக்கிறது.

தரவுக்காரன்:
வேர் வரியில்தான் சிக்கல். நீங்கள் அனுப்பும் மதிப்புக்கும் தேதி என்று பெயர், டேபிளில் உள்ள ஃபீல்டுக்கும் தேதி என்று பெயர். எஸ்கியூஎல் மொழி ஃபங்ஷனில் இப்படி மோதினால் டேபிள் ஃபீல்டைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு ரெக்கார்டின் தேதியும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது. எந்தத் தேதியும் தன்னைவிடச் சிறியதாக இருக்காதே! பூஜ்யம் ரெக்கார்டுகளை இன்செர்ட் செய்வது பிழை இல்லை என்பதால் அமைதியாக முடிந்துவிடுகிறது. இதையே போஸ்ட்கிரெஸின் இன்னொரு மொழியான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதியிருந்தால், வேறு எதையும் மாற்றாத வரை, பெயர் எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை எனச் சொல்லி நின்றிருக்கும்.

< என்பதற்குப் பதில் <= போட்டிருந்தால், தேதி உள்ள எல்லாப் பில்களும் நகலாகியிருக்கும். அதே நிபந்தனையில் அடுத்து ஒரு டெலீட்டும் இருந்தால் நடப்பு பில்களும் போயிருக்கும். அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயரை ப_தேதி என்று மாற்றுங்கள். $1 (முதல் இன்புட்) என்றோ நகலெடு.தேதி என்றோ எழுதினாலும் வேலை செய்யும், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்குத் தனிப் பெயர்தான் நல்லது.

நீலவானம்:
நன்றி அண்ணா. கிரியேட் ஆர் ரீப்ளேஸ் கொடுத்தால் இன்புட் பெயரை மாற்ற முடியாது என்கிறதே?

தரவுக்காரன்:
ஆமாம், அது விடாது. முதலில் டிராப் ஃபங்ஷன் நகலெடு(டேட்) கொடுத்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

அப்புறம் அந்த செலக்ட் *. அது ஃபீல்டுகளைப் பெயர் பார்த்துப் பொருத்தாது, இருக்கும் வரிசைப்படிதான் போடும். ஒரு டேபிளில் தொகையும் தள்ளுபடியும் இடம் மாறியிருந்தால், இரண்டும் எண்கள்தானே என்று மாற்றிப் போட்டுவிடும். இரு பக்கமும் ஃபீல்டு பெயர்களை எழுதிவிடுங்கள்.

புதுவெள்ளம்:
இரண்டு முறை ஓட்டினால் இரட்டிப்பாகாமல் இருக்க ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங் (ஏற்கெனவே உள்ள ரெக்கார்டை விட்டுவிடு) சேருங்கள், போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பு முதல் உண்டு. பழைய_பில்கள் டேபிளில் பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டு) போல, ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் ஏதாவது இருந்தால்தான் பயன். கிரியேட் டேபிள் அஸ் மூலம் உருவாக்கியிருந்தால் கீ வந்திருக்காது.

நீலவானம்:
அப்படித்தான் உருவாக்கியிருந்தேன். பில் எண்ணைக் கீயாக வைத்து, பெயரையும் மாற்றி ஓட்டினேன். எல்லாம் வந்துவிட்டது. இரண்டாம் முறை ஓட்டியபோதும் எண்ணிக்கை மாறவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி!