மலை ஏறிவிட்டு வந்தபின் காய்ச்சலா? உண்ணி, எலி விஷயத்தில் தெரிந்ததைப் பகிருங்கள்

மலைநடை வழிகாட்டி, வாடிப்பட்டி:
மழை ஓய்ந்ததும் சிறுமலை, அழகர்மலை, நாகமலைப் பக்கம் கிளம்புபவர்களுக்காக இது. 'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயரே ஆளை ஏமாற்றிவிடுகிறது. காலில் நாயுண்ணி மாதிரி எதுவும் ஒட்டவில்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்று சொல்லும் இந்தக் காய்ச்சலைப் பரப்புவது சிலந்திப்பேன் இனத்துப் பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான், கண்ணில் படாது. எலி நடமாடும் புதரோரம், முழங்கால் உயரப் புல், வரப்போரம் இவைதான் அதன் இடம். உடம்பில் ஏறி, துணி இறுக்கும் இடத்தில் நின்றுவிடும்: சாக்ஸ் விளிம்பு, இடுப்புப் பட்டை, அக்குள், தொடை இடுக்கு.

அதனால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள். 20 முதல் 30 சதவீதம் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் உள்ள பூச்சிவிரட்டியைக் கணுக்கால், சாக்ஸ் விளிம்பு, மணிக்கட்டு மூன்றிலும் தடவுங்கள். சன்ஸ்கிரீன் பூசுவதானால் அது முதலில், விரட்டி அதன்மேல். இளைப்பாறும்போது வெறும் புல்லில் உட்காராதீர்கள். சட்டையைக் கழற்றிப் புதர்மேல் காயப்போடவே கூடாது.

செவிலியர், மேலூர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சிரங்குக்கு மருந்துக்கடையில் தரும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைப் பூசிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். அது விரட்டி இல்லைங்க, பயனில்லை. துணிக்கென்று வருவது 0.5 சதவீத ஸ்ப்ரே. அதைத் துணிக்கு மட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் உடுத்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, மெதுவாக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். பிறகு கடிவாயை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தோட்டக்காரர், சிறுமலை:
கூடாரம் போடும் இடம்தான் பாதி வேலை. கற்குவியல், வளை தெரியும் மேடு, வாழைச்சருகு குவிந்த இடம் ஆகாது. சமையல் ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அரிசி, கடலை மிட்டாய் எல்லாம் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில். பிளாஸ்டிக் பையை எலி ஒரே ராத்திரியில் கடித்துவிடும். பழைய கொட்டகையில் தங்க நேர்ந்தால், எலிப்புழுக்கையை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூசி கிளம்பும். 1 பங்கு திரவ பிளீச்சில் 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறியதும் கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். காட்டுக்குள் இரவு தங்க வனத்துறை அனுமதியும் வேண்டும், தம்பிகளா.

செவிலியர், மேலூர்:
எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ் வரும் வழி வேறு. எலி மூத்திரம் கலந்த தண்ணீர், சேறு. குட்லாடம்பட்டி அருவிப் பக்கம் மழைக்குப் பிறகு தேங்கும் குட்டைகளில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். பித்தவெடிப்பும் செருப்புக் கடித்த புண்ணும் கிருமிக்குத் திறந்த வாசல். ஓடைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, கண் சிவப்பு என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

ஆய்வக நுட்பநர், மதுரை:
வீட்டுக்கு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் சோப்பும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். போட்டிருந்த துணியை வெந்நீரில் ஊறவையுங்கள்.

அடுத்து நாள் கணக்கு. ஸ்க்ரப் டைபஸ் கடித்து 6 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்துபோகும். மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை. அதுதான் ஆபத்து, ஏனென்றால் வழக்கமாகத் தரும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் பலிக்காது. டாக்ஸிசைக்ளின்தான் கேட்கும், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் அசித்ரோமைசின் தருவார். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

கடிவாயைத் தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலிக்காது, அரிக்காது, அதனால்தான் தெரிவதில்லை. அக்குள், தொடை இடுக்கு போன்ற ஈரமான இடத்தில் பொருக்கே கட்டாது, ஆழமில்லாத புண்ணாக மட்டும் இருக்கும். முதுகையும் பிட்டத்தையும் இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்த முதல் நான்கைந்து நாளில் எடுக்கும் ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறவே ஒரு வாரம் ஆகும். பொருக்கு இருந்தால் அதிலிருந்தே, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை எடுக்கலாம். அதனால் மருத்துவர் பார்க்கும்வரை அதைப் பிய்த்துவிடாதீர்கள்.